ஹெர்னியா: வீக்கம் சிறியது என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம் அறுவை சிகிச்சை இல்லாமலே ஒரு மண்டலத்தில் கரைந்துவிடும் என்று சொல்லும் விளம்பரங்கள் கைபேசியிலும் பேருந்து நிலையச் சுவர்களிலும் பெருகிவிட்டன. அவற்றை நம்பி மாதக்கணக்கில் பெல்ட் கட்டி, தைலம் தடவி, கடைசியில் குடல் கறுத்த நிலையில் அறுவை அரங்குக்கு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நிதானமாக யோசித்து முடிவெடுக்கக்கூடிய நிலையில் உள்ளவரை நாளைக்கே செய்தாக வேண்டும் என்று பயமுறுத்திக் கடன் வாங்க வைப்பதும் நடக்கிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே அறியாமைதான் இருக்கிறது. வீக்கத்தின் அளவை வைத்து ஆபத்தைக் கணிக்கிறார்கள். அந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகப் போய்விடும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

வயிற்றுச் சுவரில் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் தசைகளும், அவற்றோடு சேர்ந்த கெட்டியான நார்ப்படலமும் இருக்கின்றன. குடலை உள்ளே நிறுத்தி வைப்பது அந்தப் படலம்தான். அதில் இயற்கையாகவே சில பலவீனமான இடங்கள் உண்டு: தொப்புள், ஆண்களுக்கு விதை இறங்கி வந்த வழி, காலுக்குப் போகும் ரத்தக்குழாயின் பக்கத்திலுள்ள சந்து. பழைய அறுவைத் தழும்பு நாமாக உண்டாக்கிய பலவீனம். இருமும்போதும் முக்கும்போதும் உள்ளே அழுத்தம் ஏற, டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் பிதுங்குவதைப் போலக் கொழுப்போ குடலோ அந்த வழியாக வெளியே வருகிறது. கிழிந்த நாரை ஒட்டவைக்கும் மாத்திரை எந்த மருத்துவ முறையிலும் இல்லை. உடற்பயிற்சி தசையை வலுவாக்கும். ஆனால் ஓட்டை இருப்பது நார்ப்படலத்தில். பெல்ட், வெளியே வந்ததை உள்ளே தள்ளிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். குடல் வெளியே இருக்கும்போது அதன் மேலேயே பெல்ட்டை இறுக்கினால் தோல் புண்ணாகும், உள்ளே குடல் நசுங்கும். அறுவைக்குத் தகுதியில்லாத அளவுக்கு நோயுற்ற முதியவர்களுக்கு மட்டும், படுத்த நிலையில் குடலை உள்ளே அனுப்பிவிட்டுக் கட்டச் சொல்வோம்.

இனி ஆபத்து எங்கே என்று பார்ப்போம். ஓட்டை அகலமாக இருந்தால் குடல் தாராளமாகப் போய் வரும். குறுகலாகவும் ஓரம் விறைப்பாகவும் இருந்தால் வெளியே வந்தது திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். பத்து வருடமாக விதைப்பை வரை இறங்கி, படுத்தால் சட்டென்று உள்ளே போய்விடும் பெரிய வீக்கத்தைவிட, ஒரு பாட்டியின் கவட்டையில் நெல்லிக்காய் அளவில் தட்டுப்படும் கட்டி பல மடங்கு அபாயமானது. தொடை மடிப்புக் கோட்டுக்குக் கீழே, உள்பக்கமாக வரும் அந்தக் கட்டியை ஃபெமோரல் ஹெர்னியா என்கிறோம். அது வெளிவரும் சந்துக்கு மூன்று பக்கமும் விறைப்பான நார், நான்காவது பக்கம் ரத்தநாளம்; விரிந்து கொடுக்க இடமே கிடையாது. 1991இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஃபெமோரல் வகை நெரிபடும் வாய்ப்பு 3 மாதத்தில் 22 சதவீதம், 21 மாதத்தில் 45 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மடிப்புக் கோட்டுக்கு மேலே வரும், ஆண்களிடம் மிகச் சாதாரணமான இங்குவைனல் வகைக்கு அதே ஆய்வில் 3 மாதத்தில் 2.8, இரண்டு ஆண்டில் 4.5 சதவீதம். இடம் இரண்டு விரற்கடை மாறினால் கணக்கு இவ்வளவு மாறுகிறது.

அதனால் ஃபெமோரல் என்று தெரிந்தால் காத்திருக்கும் பேச்சே இல்லை. பெண்களுக்குக் கவட்டையில் எந்த ஹெர்னியா வந்தாலும் தாமதிக்காமல் சரிசெய்வதே நல்லது. வெளியிலிருந்து பார்த்து இரண்டு வகையையும் பிரித்தறிவது அவர்களிடம் கடினம். ஆணுக்கு, இங்குவைனல் வகை, வலி இல்லை, படுத்தால் உள்ளே போகிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் காத்திருக்கலாம். அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்களிடம் திடீரென மாட்டிக்கொள்வது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 2 பேருக்கும் குறைவாகவே நடந்தது. ஆனாலும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்து ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி கூடியதால், அறுவை செய்துகொண்டார்கள். ஆகவே காத்திருக்கும் காலத்தைத் தள்ளிப்போடுவதற்காக அல்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும், பீடியை விடவும், இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் வைத்தியம் பார்க்கவும் பயன்படுத்த வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண் சிறுநீர் கழிக்க முக்குகிறார் என்றால் முதலில் புராஸ்டேட்டைக் கவனிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஹெர்னியாவை மட்டும் தைத்தால், முக்குவது நிற்காது, தையல் எத்தனை நாள் தாங்கும்?

மாட்டிக்கொண்ட குடலில் முதலில் அடைபடுவது மெல்லிய சுவருள்ள சிரை. ரத்தம் உள்ளே வரும், வெளியேற வழி இருக்காது. குடல் வீங்கும், வீங்கவீங்க இறுக்கம் கூடும், பிறகு தமனியும் அடைபடும். அதன்பின் குடல் கறுத்து அழுகச் சில மணி நேரம் போதும். எப்போதும் உள்ளே போகும் வீக்கம் இன்று போகவில்லை, கல்லாக இறுகியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது, வாந்தி வருகிறது, வயிறு உப்பிக் காற்றுப் பிரியவில்லை: இவற்றில் முதல் மூன்றே போதும், மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். மேலே தோல் சிவந்து காய்ச்சலும் அடித்தால் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சில நேரம் குடலின் முழு வளைவும் மாட்டாமல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் மாட்டும். அப்போது குடல் பாதை திறந்தே இருப்பதால் மலம் போகும், வாந்தியும் பெரிதாக இருக்காது. ‘வெளிக்குப் போகிறதே, பிறகென்ன’ என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். மாட்டிய பகுதி அழுகி ஓட்டை விழுந்த பிறகே தெரியவரும். ஃபெமோரல் ஹெர்னியாவில் இது அடிக்கடி நடக்கிறது. அதைவிட வேதனையானது, வயதான பெண்கள் கூச்சத்தால் கவட்டையில் கட்டி இருப்பதையே சொல்லாமல் வாந்திக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவது. வாந்தி, வயிற்று உப்புசம் என்று வரும் முதியவரின் புடவையை விலக்கிக் கவட்டையைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று முதல் நிலையில் பார்க்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். வீட்டிலுள்ள மகளோ மருமகளோ அவர்களிடம் நேரடியாகக் கேட்பது உயிரைக் காக்கும்.

அப்படி மாட்டிவிட்டால் நோயாளியைப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி வையுங்கள். தண்ணீர்கூடத் தர வேண்டாம். மயக்க மருந்து தரும்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. 108க்கு அழைத்து, இரவிலும் அறுவை செய்யக்கூடிய மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேராகப் போங்கள். பேதி மருந்து, எனிமா கூடாது. வீக்கத்தைப் பலமாக அமுக்கி உள்ளே தள்ளக் கூடாது. செத்துப்போன குடலை வயிற்றுக்குள் அனுப்பிவிடலாம். அல்லது இறுக்கிய வளையத்தோடு மொத்தமாக உள்ளே போய், வெளியே வீக்கம் மறைந்தும் உள்ளே நெரிப்பு தொடரலாம். வலிக்கு ஊசி போட்டு விடியும்வரை பார்ப்போம் என்பதும் வேண்டாம்.

குழந்தைகளின் கணக்கு வேறு. ஆண் குழந்தைக்கு அழும்போது கவட்டையில், பெரும்பாலும் வலப்பக்கம், வீக்கம் வந்தால் விதை இறங்கிய வழி மூடாமல் இருக்கிறது என்று பொருள். அது தானாக மூடாது. முதல் வயதில்தான் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பெண் குழந்தைக்கு அந்த வழியில் சினைப்பையே இறங்கிவிடலாம். தெரிந்தவுடன் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டி, சில வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும். வெளியே பிதுங்கிய சவ்வுப் பையின் கழுத்தைக் கட்டிவிட்டால் போதும், பெரியவர்களுக்கு வைப்பது போன்ற செயற்கை வலை தேவையில்லை. விதையைச் சுற்றி நீர் கோக்கும் விரைவீக்கமா ஹெர்னியாவா என்று வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குழந்தையின் குடலும் வெளிச்சத்தில் மின்னும். வீக்கத்தில் ஊசி குத்தி நீர் எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். தொப்புள் புடைப்பு இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துக் கட்டுவதால் துளை சீக்கிரம் மூடுவதில்லை, அடியில் தோல் வெந்து சீழ் பிடிப்பதுதான் நடக்கிறது.

பெரியவர்களுக்கான அறுவையில் 1887இல் இத்தாலியின் பாதுவா நகரில் பாசினி என்ற அறுவை மருத்துவர் வெளியிட்ட முறையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. ஓட்டையின் இரு கரையையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பது. இழுத்த இடம் எப்போதும் விறைப்பாக இருக்கும். தையல் நாரை அறுத்துக்கொண்டு வந்துவிடும். 1989இல் அமெரிக்க மருத்துவர் லிக்டென்ஸ்டைனும் அவர் குழுவினரும் இழுக்காமல் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையாலான வலையை வைத்துத் தைக்கும் முறையை ஆயிரம் நோயாளிகளின் அனுபவத்தோடு வெளியிட்டார்கள். இன்று அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் நடப்பது அதுதான்.

கவட்டை மடிப்புக்கு மேலே 5, 6 செ.மீ. கீறல். நார்ப்படலத்தைத் திறந்ததும் அதன் அடியில் ஓடும் நரம்புகளை அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் நோயாளிக்கு வருடக்கணக்கில் வலி. பிறகு விந்துக்குழாயும் விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் சேர்ந்த கொடியைப் பிரித்துத் தூக்கி, ஹெர்னியாப் பையைக் கண்டுபிடித்து உள்ளே தள்ளுவோம் அல்லது கட்டுவோம். 15க்கு 7.5 செ.மீ. வலையை விரித்து, அதன் உள்முனை இடுப்பெலும்பின் முண்டைத் தாண்டி ஒன்றரை முதல் 2 செ.மீ. படிய வேண்டும். கரையாத நூலால் கீழ்க்கரையைத் தசைநாரோடு தைத்து, வெளிமுனையில் வலையைப் பிளந்து கொடியைச் சுற்றிப் புது வளையம் அமைக்கிறோம். வலை உடலுக்குள் ஓரளவு சுருங்கும். சிக்கனமாக வெட்டி வைத்தால் எலும்போரத்தில் இடைவெளி விழுந்து அங்கேயே ஹெர்னியா திரும்பி வரும். திரும்ப வந்தவற்றைத் திறக்கும்போது அடிக்கடி காண்பது இதைத்தான். எலும்பை மூடிய சவ்வில் ஊசி ஏறினால் அதுவும் தீராத வலியாகும்.

இதை முழு மயக்கம் இல்லாமல், முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தோ செய்யலாம். இதயமோ நுரையீரலோ பழுதான முதியவருக்குக் இரண்டாவது வழி மிகவும் பாதுகாப்பானது. மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகைன், அட்ரினலின் கலந்தது என்றால் கிலோவுக்கு 7 மி.கி. உச்சவரம்பு; 50 கிலோ எடையுள்ளவருக்கு 1 சதவீத மருந்தில் 35 மி.லி. அந்த வரம்புக்குள் பொறுமையாகச் செய்யத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

லேப்ராஸ்கோப்பியில் மூன்று சிறு துளைகள் வழியாகச் சுவரின் பின்பக்கம் குறைந்தது 10க்கு 15 செ.மீ. வலை வைக்கப்படுகிறது. இரு பக்கமும் ஹெர்னியா இருந்தால், முன்பு திறந்து செய்தது திரும்ப வந்திருந்தால், நோயாளி பெண் என்றால் இது மேலானது. ஃபெமோரல் சந்தும் அதே வலையில் மூடப்படும். வேலைக்குத் திரும்புவதும் கொஞ்சம் சீக்கிரம். ஆனால் பொதுவாக முழு மயக்கம் தேவை. புராஸ்டேட்டை எடுத்தவர்களுக்கு அந்தப் பகுதி ஒட்டிக்கிடப்பதால் திறந்து செய்வதே நல்லது. கைதேர மிக நீண்ட பயிற்சி வேண்டும் என்பதால், எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரைக் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. பழகாத கையில் துளை வழி அறுவையைவிட, பழகிய கையில் திறந்த அறுவை நல்லது.

வலையின் விலையைச் சொல்லிப் பயமுறுத்துவதையும் பேச வேண்டும். மகாராஷ்டிரத்தின் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காங்கர், கொசுவலைத் துணியையே முறைப்படி சுத்திகரித்து ஹெர்னியாவுக்குப் பயன்படுத்திக் காட்டினார். பிறகு உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் மலிவு வலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் திரும்ப வந்தது. விலையுயர்ந்த வலை வைத்தவர்களில் யாருக்கும் வரவில்லை. சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. துணியின் வகை, துவைப்பது, 121 டிகிரியில் சுத்திகரிப்பது எல்லாம் கறாராகக் கடைப்பிடிக்கப்பட்ட ஆய்வு அது; கடையில் வாங்கும் வலையை யாரும் வைத்துவிட முடியாது. இங்கே சொல்ல வருவது, அரசு மருத்துவமனையில் இலவசமாக வைக்கப்படும் சாதாரண வலை கவட்டை ஹெர்னியாவுக்குத் தாராளமாகப் போதும் என்பதைத்தான். கூடுதல் விலைக்கு நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. வயிற்றுக்குள் குடலை ஒட்டி வைக்கும்போது சாதாரண வலையில் குடல் ஒட்டிக்கொள்ளும்; பூச்சு உள்ளதே வேண்டும்.

வலையே வேண்டாம் என்பவர்களுக்குக் கனடாவின் ஷோல்டைஸ் முறை, புனேயைச் சேர்ந்த டாக்டர் தேசர்டாவின் முறை ஆகியவை உண்டு. அவற்றை முறையாகக் கற்றவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

தழும்பு வழி ஹெர்னியா பெண்களிடம் நிறையப் பார்க்கிறோம். பிரசவத்துக்கோ கர்ப்பப்பை நீக்கவோ செய்த கீறலில் வருவது. இதை வெறுமனே தைப்பது வீண்வேலை. நெதர்லாந்தில் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், தைத்தவர்களில் 63 சதவீதத்துக்குத் திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 32 சதவீதம். வலை வைத்தும் மூன்றில் ஒருவருக்கு என்பதைக் கவனியுங்கள். ஆகவே வராமல் தடுப்பதே உண்மையான வைத்தியம், அது முதல் அறுவையை மூடும் கையில் இருக்கிறது. நடுவயிற்றுக் கீறலை மூடும்போது, செலவான நூலின் நீளம் கீறலின் நீளத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 5 மி.மீ. ஓரம் எடுத்து, 5 மி.மீ. இடைவெளியில் போடும் சிறு தையலில் ஓராண்டில் 13 சதவீதமும், 1 செ.மீ. பெருந்தையலில் 21 சதவீதமும் ஹெர்னியா வந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கூடுதலாக ஆவது சில நிமிடங்கள். இளம் மருத்துவர்கள் இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களின் தொப்புள் ஹெர்னியாவுக்கு, துளை 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் வலை நல்லது. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு முதலில் நீரைக் குறைக்க வேண்டும். தழும்பு ஹெர்னியாவோ தொப்புள் ஹெர்னியாவோ, அவசரமில்லை என்றால் புகையை நிறுத்திக் குறைந்தது நான்கு வாரம் ஆன பிறகே அறுவைக்கு நாள் குறியுங்கள். எடையும் சர்க்கரையும் குறைவது வலையைவிடப் பெரிய காப்பு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

கவட்டை ஹெர்னியா அறுவைக்குப் பின் அன்றே எழுந்து நடக்கலாம். முதுகில் ஊசி போட்ட ஆண்களுக்குச் சிறுநீர் வராமல் போகலாம். வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். விதைப்பை நீலம்பாரித்து வீங்குவது சில நாளில் வடியும். ஒன்றிரண்டு வாரத்தில் பழைய இடத்திலேயே மெத்தென்ற வீக்கம் வந்தால் பெரும்பாலும் அது காயத்தில் ஊறித் தேங்கும் நீர். ஹெர்னியா திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம், ஊசியால் எடுக்கவும் கூடாது. கிருமி புகுந்து வலையையே எடுக்க நேரிடும். காய்ச்சல், சீழ், விதையில் கடும் வலி என்றால் உடனே வர வேண்டும். படியேறுவது, வீட்டுவேலை எல்லாம் வலி அனுமதிக்கும் அளவுக்கு முதல் வாரமே செய்யலாம். திடீரென்று பிரேக் போட்டாலும் வலிக்காது என்ற நிலையில் இருசக்கர வாகனம் ஓட்டலாம். மூட்டை தூக்குபவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கட்டும். ஆறு மாதம் குடம் தூக்காதே என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கூலி வேலை செய்பவரின் பிழைப்பை அது வீணாகக் கெடுக்கிறது. சுமார் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கடந்தும் ஓரளவு வலி நீடிக்கக்கூடும் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவர் சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. ஹெர்னியாவை மருந்தாலோ பெல்ட்டாலோ கரைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்க வேண்டாம். வாசகர்களிடமும் ஒன்று: வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் எந்தப் பக்கம், எந்த வகை ஹெர்னியா, திறந்தா லேப்ராஸ்கோப்பியா, எந்த வலை எந்த அடுக்கில் வைக்கப்பட்டது என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மறுபடி வந்தால், வயிற்றுச் சுவரின் முன்பக்கம் செய்ததைப் பின்பக்கத்திலிருந்தும், பின்பக்கம் செய்ததை முன்பக்கத்திலிருந்தும் அணுக வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பொது அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி